குகையில் பல் கிடைத்தால் பெயர்த்து எடுக்காதீர்கள்

நிலவியல் வேலையில் இருப்பவன் என்று தெரிந்ததும் பலர் ஒரு கல்லையோ எலும்பையோ நீட்டி, "சார், இதுக்கு எத்தனை வயசு இருக்கும்?" என்பார்கள். எங்கே இருந்தது, எந்த அடுக்கில், மேலே என்ன, கீழே என்ன என்று நான் திருப்பிக் கேட்பேன். பதில் இல்லையென்றால் பாதிச் சேதி அங்கேயே போய்விட்டது.

பத்துமலையையே எடுத்துக்கொள்வோம். தைப்பூசத்தன்று 272 படி ஏறுகிறோமே, அந்தச் சுண்ணாம்புக்கல் சுமார் 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்தது. பிற்பாடு பூமிக்கடியிலிருந்து வந்த சூட்டில் பெரும்பகுதி சலவைக்கல்லாக மாறியதால், அக்காலச் சிப்பி, பவளங்களின் தடயம் அநேகமாக அழிந்துவிட்டது.

குகைக்குள் இருக்கும் மண்ணின் வயது வேறு. மழைநீர் அரித்த பொந்துகளில் மண்ணும் எலும்பும் சேர, சொட்டுநீரில் கரைந்து வந்த சுண்ணாம்பு அவற்றைக் கான்கிரீட் மாதிரி இறுக்கிவிட்டது. அப்படிப்பட்ட படிவில்தான் ஓராங் ஊத்தான் பற்கள் கிடைத்தன. பத்துமலையிலும் இன்னொரு குகையிலுமாக மொத்தம் 9 பற்கள். 2013இல் ஆய்வு வெளியானது. தீபகற்ப மலேசியாவில் அந்த மனிதக் குரங்கின் புதைபடிவம் கிடைத்தது அதுவே முதல் முறை. இன்று அது போர்னியோவிலும் சுமத்திராவிலும் மட்டுமே காட்டில் வாழ்கிறது.

பல் மட்டும் ஏன் மிஞ்சுகிறது? நம் பக்கத்துக் குகைகளில் முள்ளம்பன்றிகள் எலும்பை இழுத்து வந்து கொறிக்கும். பல்லின் வேரைக்கூட விடாது. கெட்டியான மேற்பகுதிதான் தப்பும்.

அந்தத் துண்டு போதும். ஓராங் ஊத்தான் மரத்திலேயே வாழும் பிராணி. அது இருந்தால் காடு இருந்திருக்க வேண்டும். பனியுக வறட்சியில் இந்த வட்டாரம் புல்வெளியாகிவிட்டது என்றொரு கருத்து உண்டு. ஆனால் சுமார் 60,000 ஆண்டுகளுக்கு முன்வரை இந்த மேற்குக் கரைச் சமவெளியில் போதிய காடு இருந்ததை அந்தப் பற்கள் காட்டுகின்றன. எனக்கு இது இன்றும் வியப்புதான்.

சரி, வயது எப்படித் தெரியும்? பெரும்பாலும் பல்லைச் சுற்றியுள்ள படிவையும், அதன் மேலும் கீழும் உறைந்த சுண்ணாம்புப் படலத்தையும் சோதித்துத்தான். உளியால் பெயர்த்து வீட்டு அலமாரியில் வைத்த பல்லுக்கு அந்தச் சாட்சி கிடையாது. எந்தக் காலம், எந்தக் காடு என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

ஆகவே, கண்ணில் பட்டால் தொடாதீர்கள். பக்கத்தில் ஒரு பேனாவை வைத்துப் படம் எடுங்கள். அப்புறம் சற்றுத் தள்ளி நின்று சுவர் முழுதும் தெரிய இன்னொன்று. இடத்தைக் கைப்பேசியில் குறித்துக்கொண்டு, மலாயாப் பல்கலைக்கழக நிலவியல் துறைக்குத் தகவல் சொல்லுங்கள்.