தீக்காக்கையின் சிவப்பு படத்தில் ஏன் மங்குகிறது?

வால்பாறைப் பக்கத்து மழைக்காட்டில் ஆண் தீக்காக்கையை (மலபார் ட்ரோகன் என்னும் பறவை, காகம் அல்ல) பார்த்தவர்களுக்கு அந்த வயிற்றுச் சிவப்பு மறக்காது. ஆனால் படம் எடுத்துப் பார்த்தால் சிவப்பு மங்கி, மணல் தூவியதுபோல் பொரிப்பொரியாக இருக்கும். கேமராவில் கோளாறு இல்லை. காட்டுக்குள் வெளிச்சமே அவ்வளவுதான்.

மர உச்சியில் விழும் ஒளியில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான் அடியில் வந்து சேர்கிறது. திறந்த வெயிலில் ஐ.எஸ்.ஓ. (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) 800, லென்ஸ் துளை எஃப் 5.6 என்று வைத்தால் ஷட்டர் வேகம் 1/6400 நொடி வரை போகும். நூற்றில் ஒரு பங்கு ஒளியில் அது 1/64 நொடிக்கு இறங்கிவிடும். 400 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்க 1/400 நொடியாவது வேண்டும் என்பது பழைய கைக்கணக்கு; அதைவிட மெதுவானால் கை அசைவில் படம் கலங்கிவிடும்.

சரி, ஐ.எஸ்.ஓ.வை ஏற்றினால்? அது ஒளியைக் கூட்டாது, கிடைத்ததைப் பெருக்கிக் காட்டும், அவ்வளவே. தூறலில் முற்றத்தில் வரிசையாக டம்ளர்களை வைத்துப் பாருங்கள். ஒன்றில் மூன்று சொட்டு, பக்கத்தில் ஏழு, இன்னொன்றில் ஒன்றுமில்லை. அடைமழையில் எல்லாம் ஏறக்குறைய ஒரே அளவுக்கு நிரம்பும். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சாரின் புள்ளிகளும் அப்படித்தான். 10,000 ஒளித்துகள் விழும் இடத்தில் ஏற்ற இறக்கம் சுமார் 100, அதாவது 1 சதவீதம். வெறும் 100 துகள் விழுந்தால் ஏற்ற இறக்கம் 10. அது 10 சதவீதம். படத்தில் தெரியும் மணலில் பெரும்பங்கு இதுதான்.

சிவப்பு மங்குவது வேறு கதை. இலைகள் சிவப்பையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு பச்சையைக் கீழே கசியவிடுகின்றன. காட்டு நிழலின் ஒளி பச்சை சாய்ந்தது என்பதை உயிரியலாளர் ஜான் எண்ட்லர் 1993-ல் அளந்து எழுதினார். வரும் ஒளியிலேயே சிவப்பு குறைவு என்றால் சிவப்பு இறகு எதைத் திருப்பி அனுப்பும்? ரா கோப்பாக (கேமரா பதப்படுத்தாத மூலப் படமாக) எடுத்தால் பிறகு வெள்ளைச் சமநிலையை, அதாவது படத்தின் நிறச் சாய்வை, திருத்தலாம். ஆனால் இலை இடுக்கு வழியே நேர்வெயில் ஒரு கீற்று விழும் கிளையில் பறவை வந்து உட்கார்ந்தால், அந்தச் சிவப்புக்கு எந்தத் திருத்தமும் ஈடாகாது.

நல்லவேளை, தீக்காக்கை ஒரே கிளையில் வெகுநேரம் அசையாமல் உட்காரும். முக்காலியில் வைத்து, லென்ஸின் துளையை முழுக்கத் திறந்தால் 1/60 நொடியிலும் படம் தெளிவாக வரும். அப்புறம் ஒன்று: நாம் நெருங்குவதை உணர்ந்தால் அது சிவப்பு வயிற்றை மறைத்து, பழுப்பு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்ளும். அதனால் நான் முக்காலியைத் தள்ளியே ஊன்றிவிட்டு, அதுவாகத் திரும்பும் வரை காத்திருக்கிறேன்.