ஒரு சின்ன நாட்டுக்கு எத்தனை வகை விமானம் வேண்டும்?

கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் படிக்கும் மாணவர் ஒருவர் போன கிழமை ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "சேர், ஒரு கற்பனை நாடு. நிலம் வன்னி அளவுதான். யுத்தம் வந்துவிட்டது, கையில் காசும் இல்லை. ஆகக் குறைந்தது எத்தனை வகை விமானம் இருந்தால் ஒரு விமானப்படை சமாளிக்கும்?" கூடவே அவரே ஒரு பட்டியலும் போட்டிருந்தார். அதில் ஒன்பது வகை இருந்தன. முதலாவது மிக்-29 போர் ஜெட்.

விமானத்தைக் கீழேயிருந்து மட்டுமே அறிந்த ஒரு மண்ணிலிருந்து இப்படியொரு கேள்வி வருவதில் வியப்பில்லை. 2009க்கு முன் இங்கே வளர்ந்தவர்கள் எழுத்துக் கூட்டி வாசிக்க முன்னமே சத்தத்தை வைத்து விமானங்களைப் பிரிக்கப் பழகிவிட்டார்கள். கெலி என்ற ஹெலிகொப்டர், சகடை என்ற சரக்கு விமானம், கிபிர் என்ற குண்டுவீச்சு ஜெட், வண்டு என்ற ஆளில்லா விமானம். ஆட்களை ஏற்றி இறக்குவது, சாமான் சுமப்பது, அடித்துவிட்டு ஓடுவது, மேலே நின்று பார்த்துக்கொண்டே இருப்பது. பங்கருக்குள் இருந்தவர்கள் போட்ட இந்தப் பிரிவும் விமானப்படைத் தலைமையகத்தில் போடும் பிரிவும் ஏறக்குறைய ஒன்றுதான். விமானிகளைப் பயிற்றுவிப்பது, எதிரி விமானத்தை வானிலேயே மறிப்பது என்ற இரண்டையும் சேர்த்தால் வேலைகளின் பட்டியல் முடிந்தது.

வேலைக்கொரு வகை என்று வாங்கினால் களஞ்சியம் நிறைந்து கஜானா காலியாகும். அப்படியானால் எல்லா வேலைக்கும் ஒரே விமானம் வாங்கினால் என்ன? 1960களில் அமெரிக்கப் பாதுகாப்புச் செயலாளராக இருந்த றொபேட் மக்னமாரா இதைத்தான் கேட்டார். விமானப்படைக்கும் கடற்படைக்கும் சேர்த்து எஃப்-111 என்ற ஒரே விமானம் என்று முடிவாயிற்று. கடற்படைக்கான வடிவம் எடை கூடிக் கூடி, கடைசியில் 1968இல் கைவிடப்பட்டது. மக்னமாரா கணக்கில் புலி. ஆனால் இறக்கைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது, அதை எந்தச் செயலாளராலும் மாற்ற முடியாது. எனக்கு மிகப் பிடித்த கணக்கு அது.

இறக்கை காற்றைக் கீழே தள்ளுகிறது, அதனால் விமானம் மேலே நிற்கிறது. இதுவரை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். தள்ளுவதற்கு இரண்டு வழி உண்டு என்பதைத்தான் பலர் கவனிப்பதில்லை. செக்கனுக்குப் பத்துக் கிலோ காற்றைப் பிடித்து 1 மீற்றர் வேகத்தில் கீழே அனுப்பலாம். அல்லது ஒரே ஒரு கிலோவைப் பிடித்து 10 மீற்றர் வேகத்தில் அனுப்பலாம். உந்தம் இரண்டிலும் பத்துத்தான், ஆகவே தூக்குவிசையும் ஒன்றுதான். இனிச் சக்தியைப் பாருங்கள். திணிவில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் முதல் வழிக்கு 5 யூல், இரண்டாவதற்கு 50 யூல். ஒரே தூக்குக்குப் பத்து மடங்கு செலவு! நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளுகிறவன் மிச்சம் பிடிக்கிறான், கொஞ்சக் காற்றை முரட்டுத்தனமாகத் தள்ளுகிறவன் எரிபொருளைக் கொட்டுகிறான்.

நிறையக் காற்றைப் பிடிக்க என்ன வழி? இறக்கை நீளமாக இருக்க வேண்டும், அல்லது விமானம் வேகமாகப் போக வேண்டும். வேகமாகப் போனால் செக்கனுக்குச் செக்கன் புதிய காற்று தானாகவே வந்து சேரும். தூக்குவதற்காகக் கொடுக்கும் இந்த விலைக்குத் தூண்டப்பட்ட இழுவை என்று பெயர். வேகம் இரண்டு மடங்கானால் அது காற்பங்காகக் குறைகிறது. ஆனால் அதே நேரத்தில் உடம்பு முழுவதும் காற்றோடு உரசுகிற மற்ற இழுவை நான்கு மடங்காகிறது. அதனால்தான் வேகக்காரனுக்கு நீண்ட இறக்கை பாரம், நின்று பார்ப்பவனுக்கு அதுவே உயிர்.

இதைக் காட்ட வன்னி வானத்தைவிட நல்ல ஆய்வுகூடம் கிடையாது. 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்த கிபிரின் இறக்கை ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை 8.2 மீற்றர். அதே படை பின்னாளில் பறக்கவிட்ட ஆளில்லா விமானங்களில் ஒன்றான சேர்ச்சர் 2, அதாவது எங்கள் வாயில் வண்டு, அதன் இறக்கை ஏறத்தாழ 8.5 மீற்றர். இரண்டையும் செய்தது ஒரே இஸ்ரேலிய நிறுவனம். வண்டின் இறக்கைதான் கொஞ்சம் நீளம்! ஆனால் குண்டும் எண்ணெயும் ஏற்றிய கிபிர் 15 தொன் வரும். வண்டு அரைத் தொன்கூட வராது. ஆகவே கிபிரில் ஒரு மீற்றர் இறக்கை 1,800 கிலோவைச் சுமக்கிறது, வண்டில் 50 கிலோவை. 35 மடங்கு. தூண்டப்பட்ட இழுவையோ இந்த எண்ணின் வர்க்கத்தோடு போகிறது. ஒரே வேகத்தில் பறக்கவிட முடிந்தால், கிபிர் தன்னைத் தூக்கிப் பிடிக்க மட்டும் வண்டைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் இழுவையை வெல்ல வேண்டியிருக்கும். கிபிரால் வட்டமிட்டுக்கொண்டு நிற்க முடியாததும், வண்டு மணிக்கணக்கில் தலைக்குமேல் ரீங்காரமிட்டதும் இதனால்தான். வண்டு பார்க்கும், கிபிர் வரும். இரண்டு இறக்கைகளும் ஒன்றின் வேலையை மற்றது செய்ய முடியாதபடி அமைந்தவை.

சத்தத்தைப் பற்றியும் ஒரு கணக்குச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 5 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்து மணிக்கு 900 கிலோமீற்றர் வேகத்தில் நேராக வரும் ஜெட்டின் ஒலி எங்களிடம் வர 14 செக்கன் பிடிக்கும். அதற்குள் அது மூன்றரைக் கிலோமீற்றருக்கு மேல் வந்துவிடும். காது கேட்டபின் பங்கருக்கு ஓட மிஞ்சுவது ஐந்தாறு செக்கன். வாசலிலேயே பங்கர் வெட்டியவர்கள் இந்தச் சமன்பாட்டை எழுதாமலே தீர்த்தவர்கள்.

இறக்கையையே மாற்றிக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். கேட்டார்கள், செய்தும் பார்த்தார்கள். எஃப்-111 அப்படித்தான். 2000இல் இலங்கைக்கு வந்த மிக்-27உம் இறக்கையை விரித்தால் 14 மீற்றருக்கு அருகில், பின்னால் மடக்கினால் 8 மீற்றருக்குள். அழகான யோசனை. ஆனால் முழு விமானத்தின் பாரத்தையும் தாங்குகிற அந்தச் சுழல் மூட்டு பெரிய இரும்புத் துண்டு. அதையும் அதை அசைக்கும் பொறியையும் ஒவ்வொரு பறப்பிலும் சுமக்க வேண்டும், ஒவ்வொரு பறப்புக்குப் பிறகும் பார்க்க வேண்டும். உலகம் இப்போது அந்த வழியில் புதிய போர்விமானம் எதையும் வடிவமைப்பதில்லை.

சரி, எங்கள் கற்பனை நாட்டுக்கு வருவோம். மன்னாரிலிருந்து முல்லைத்தீவு நேர்கோட்டில் ஏறத்தாழ 100 கிலோமீற்றர். 900 கிலோமீற்றர் வேகத்தில் வரும் எதிரிக்கு இது ஏழு நிமிடம். றேடார் கண்டு, விமானி ஏறி, எஞ்சின் முடுக்கி, மேலே போய் மறிப்பதற்குள் எதிரி கடலைத் தாண்டியிருப்பான். ஆகவே நாட்டில் பெரியதாக ஓடுபாதை ஒன்று இருந்தாலும் மறிக்கும் ஜெட் வேண்டாம் என்பேன். அந்த வேலையை நிலத்திலிருந்து ஏவும் ஏவுகணையிடம் விட்டுவிட்டால் மிக்-29 பட்டியலில் இருந்து போய்விடும். மாணவருக்குக் கவலையாக இருக்கும் என்று தெரியும்.

மிஞ்சுவது நான்கு வகை. பயிற்சிக்கும் தாழப் பறந்து தாக்கவும் ஒன்றே போதும்: பிரேசிலின் சூப்பர் டுக்கானோ போன்ற, மூக்கில் விசிறி சுழலும் விமானம். அது நடுத்தர வேகம், நடுத்தர இறக்கை, ஆகவே இரண்டு வேலைக்கும் பாதிப் பாதி பொருந்தும். சுமக்க வை-12 போன்ற சிறிய சரக்கு விமானம். ஏற்றி இறக்க பெல் 412 வகை கெலி. பார்க்க ஒரு வண்டு.

இந்த மூன்று பெயர்களையும் நான் சும்மா எடுக்கவில்லை. டுக்கானோவிலும் வை-12இலும் பெல் 412இலும் இருப்பது பிற் அண்ட் விற்னியின் பிரி-6 குடும்பத்து எஞ்சின்களே. உதிரிப்பாகங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. ஆனால் ஒன்றைப் பிரித்துப் பூட்டப் பழகிய மெக்கானிக்கின் கை மற்றதிலும் தடுமாறாது. யுத்தத்தில் விமானம் சுடப்பட்டு இல்லாமல் போவதைவிட, ஒரு வளையம் வராமல் கொட்டகைக்குள் கிடப்பதே அதிகம். சுவீடன் தன் கிரிப்பென் போர்விமானத்தைச் செய்யும்போது இதை யோசித்தது. நெடுஞ்சாலையில் இறங்கும் விமானத்துக்கு ஒரு தொழில்நுட்பவியலாளரும் ஐந்து கட்டாயச் சேவைப் படையினரும் சேர்ந்து பத்து நிமிட அளவில் எண்ணெயும் ஆயுதமும் ஏற்றி அனுப்பலாம். 2019 ஒக்ரோபரில் பிரான்சில் முதல் ரஃபால் போர்விமானத்தைப் பெற்றுக்கொண்ட இந்தியப் பாதுகாப்பு அமைச்சர் சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். வைக்கட்டும், எங்கள் ஊரில் லொறிக்கும் வைக்கிறோம். உதிரிப்பாக ஒப்பந்தத்தையும் அதே பக்தியோடு வாசித்தால் சரி.

எண்ணிக்கையிலும் ஒரு பொறி இருக்கிறது. ஒரு வண்டு எப்போதும் வானில் நிற்க வேண்டுமானால் ஒரு வண்டு போதாது. ஒன்று நிற்கும்போது ஒன்று திரும்பும், ஒன்று போகும், ஒன்று திருத்தத்தில் இருக்கும். அமெரிக்க விமானப்படை பிரிடேற்றர் என்ற தன் ஆளில்லா விமானங்களை இடைவிடாத கண்காணிப்புக்கு நான்கு நான்காகவே கணக்கிட்டது. ஆகவே வகையைக் குறையுங்கள், ஒவ்வொரு வகையிலும் எண்ணிக்கையைக் கூட்டுங்கள்.

இலங்கை ஆராய்ச்சிக்குச் செலவிடுவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் ஏறத்தாழ 0.1 சதவீதம். ஒரு ஜெட் எஞ்சினின் விலைக்கு எத்தனையோ மாணவர்களுக்கு, மாதிரி இறக்கைமேல் காற்றை ஊதிச் சோதிக்கும் காற்றுச் சுரங்கம் கட்டிக் கொடுக்கலாம். இறக்கை வளைவதைக் கண்ணால் பார்த்த பிள்ளை ஒன்பது வகையைப் பட்டியலிட மாட்டாது. அதுவரை, தம்பி, உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு விமானத்தின் எடையையும் இறக்கை நீளத்தால் வகுத்துப் பாருங்கள். மிக்-29க்கு 1,600 அளவில் வரும், கிபிருக்குப் பக்கத்தில். ஒரே அளவில் வரும் இரண்டு விமானங்களில் ஒன்றை வெட்டலாம்.