பாலிசி இருந்தும் பாதிப் பணம்தான் வந்துச்சு

நான் இன்சூரன்ஸ் சர்வேயர், க்ளெய்ம் வந்தா நேர்ல போய் நஷ்டத்தை மதிப்பிடுற ஆளு. வெள்ளம் வடிஞ்ச யூனிட்டுக்குள்ள போனதும் முதல்ல தேடுறது சுவத்துல இருக்கற சேத்துக் கோட்டைத்தான், அதை டேப் வச்சு அளந்து போட்டோ எடுத்துட்டுதான் மத்த பேச்சே.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலப்போ அம்பத்தூர் எஸ்டேட் பூரா தண்ணி. ஒரு சின்ன ஒர்க்‌ஷாப், முழங்கால் அளவுதான் கோடு, ஆனா கம்ப்யூட்டர்ல ஓடுற சிஎன்சி மெஷினோட மோட்டார், ஒயரிங் எல்லாம் அதுக்குக் கீழதான இருக்கு. ஓனர் "பாலிசி இருக்கு சார்"னு தைரியமாத்தான் நின்னாரு. எடுத்துப் பாத்தா பேலன்ஸ் ஷீட்ல தேய்மானம் போக இருந்த மதிப்பை அப்படியே சம் இன்ஷ்யூர்டா, அதாவது இன்ஷ்யூர் பண்ற தொகையா, போட்டு வச்சிருக்காங்க. இதுதான் நான் அடிக்கடி பாக்குற கூத்து. புதுசா வாங்குனா 40 லட்சம் ஆகுற மெஷினுங்கள 20 லட்சத்துக்கு இன்ஷ்யூர் பண்ணியிருந்தா, 10 லட்சம் டேமேஜுக்கு 5 லட்சம்தான் கிடைக்கும், ஏன்னா மீதிப் பாதிக்கு நீங்களேதான் இன்சூரன்ஸ் கம்பெனி. சொத்து மதிப்பு 5 கோடிக்குள்ள இருக்கற யூனிட்டுக்கான பாரத் சூக்‌ஷ்ம உத்யம் சுரக்‌ஷா பாலிசில 15 சதவீதம் வரைக்கும் குறைவு இருந்தா கண்டுக்க மாட்டாங்க, அதுக்கு மேல போனா வெட்டுதான்.

அதோட முடியல. மெஷின் ரெடியாகுற வரைக்கும் ஆர்டர் வேற ஊருக்குப் போயிடும், ஈஎம்ஐ நிக்காது, ஆளுங்களுக்கு சம்பளம் குடுக்கணும். வெள்ளத்துக்கும் சேத்து எடுக்கற சாதா ஃபயர் பாலிசில இதெல்லாம் வராது, லாஸ் ஆஃப் ப்ராஃபிட்னு தனியா எடுக்கணும், சின்ன யூனிட்காரங்க யாரும் எடுத்து நான் பெருசா பாத்ததில்ல.

2015 சென்னை வெள்ளத்துக்கு வந்த க்ளெய்ம் மட்டும் கிட்டத்தட்ட 5,000 கோடி. பாலிசியே இல்லாதவன் நஷ்டம் அந்தக் கணக்குல எங்க வரும்? மிக்ஜாம் வந்த அதே மாசம் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டுச்சு, தூத்துக்குடி உப்பளத்துல குவிச்சு வச்சிருந்த உப்பெல்லாம் கரைஞ்சு போச்சு. காத்து ஒரு டிகிரி சூடானா சுமார் 7 சதவீதம் கூடுதலா ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், கடலும் சூடாகிட்டே போகுது, அதனால பெய்யுறப்ப மொத்தமா பெய்யுது. "எங்க ஏரியால இதுவரைக்கும் தண்ணி நின்னதே இல்ல"ங்கற பேச்சை நம்பி சம் இன்ஷ்யூர்டு போடுற காலமெல்லாம் போச்சுங்க.

ஐப்பசி பொறக்குறதுக்கு முன்னாடியே பாலிசியை எடுத்து, புயல், வெள்ளத்துக்கான எஸ்டிஎஃப்ஐங்கற கவர் இருக்கா, மெஷினுக்கு இன்னைக்கு விலை போட்டிருக்கான்னு பாருங்க. ஸ்டாக் ரிஜிஸ்டர், பில்லு எல்லாத்தையும் போன்ல போட்டோ எடுத்து மெயில்ல போட்டு வைங்க, நனைஞ்ச பில்லை வச்சுக்கிட்டு நானும் ஒண்ணும் எழுத முடியாது. தண்ணி வடிஞ்சதும் ஓடுதான்னு பாக்கறேன்னு மட்டும் சுவிட்சைப் போட்றாதீங்க, காயாம ஓட்டி எரிஞ்சு போனா அது வெள்ளத்துல போச்சா உங்க கையால போச்சான்னு க்ளெய்ம்ல மாசக்கணக்கா இழுக்கும்.