செம்புக் கம்பியே தெர்மாமீட்டர்

பல்லடம் பக்கம் தறி ஓட்டும் வாசகர் ஒருவரின் கேள்வி: "கரண்ட் போனா ஜெனரேட்டர்லதாங்க தறி ஓடுது. கொஞ்ச நேரத்துலயே பாடி மேல கை வைக்க முடியறதில்ல. காயில் தாங்குங்களா?"

கையை வைத்து இதைச் சொல்ல முடியாதுங்க. 60 டிகிரி இரும்பே கையைச் சுட்டுவிடும். உள்ளே காயில் கம்பியைப் பொதிந்திருக்கும் 'எஃப்' வகுப்பு இன்சுலேஷனோ 155 டிகிரி வரைக்கும் ஆனது. வெளிச்சூடு வேறு, காயில் சூடு வேறு.

சூடு எங்கிருந்து வருகிறது என்பது பள்ளிப் பாடம்தான். கரண்ட் இரட்டித்தால் செம்பில் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். இரும்புக் கோரின் இழப்பும் காற்று, பேரிங் உராய்வும் தனி. சரி, கோரில் வெட்டிய பள்ளமான ஸ்லாட்டுக்குள் வார்னிஷ் ஊற்றி அடைத்த காயிலின் சூட்டை எப்படி அளப்பது?

செம்பையே கேட்க வேண்டியதுதான். சூடேறினால் செம்பின் மின்தடை டிகிரிக்கு ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். காலையில் ஓட்டுவதற்கு முன், காயில் 30 டிகிரியில் இருக்கும்போது, ஒரு ஃபேஸின் தடை 0.100 ஓம் என்று வையுங்கள். முழு லோடு கொடுத்து, அரை மணிக்கு ஒரு டிகிரிகூட ஏறாத நிலை வரும்வரை ஓட்டுகிறோம். அதற்குச் சில மணி நேரம் பிடிக்கும். நிறுத்தி அளந்தால் 0.134. செம்புக்கு 235 என்று ஓர் எண் உண்டு. அதோடு 30-ஐக் கூட்டி, தடை கூடிய மடங்கான 1.34-ஆல் பெருக்கி, 235-ஐக் கழித்தால் 120 டிகிரி. ஸ்லாட்டைத் தொடாமலே காயிலின் சராசரிச் சூடு வந்துவிட்டது! இவ்வளவு சின்னத் தடைக்குச் சாதா மல்டிமீட்டர் உதவாது. கரண்ட் அனுப்ப இரண்டு ஒயர், வோல்ட்டேஜ் பார்க்க இரண்டு ஒயர் என்று நான்கு ஒயர் மீட்டர் வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அடுத்த கட்டம். மெஷின் சுற்றுவது ஓய்ந்து, கேபிளைக் கழற்றி, மீட்டரை மாட்டுவதற்குள் காயில் ஆறத் தொடங்கிவிடும். நாம் அளப்பது ஆறிய சூட்டைத்தான். அதனால் அளந்ததோடு விடாமல், சில நொடி இடைவெளியில் தொடர்ந்து அளந்து வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். தடை இறங்கும் கோட்டை அப்படியே பின்னால் இழுத்து, சுவிட்சை அணைத்த நொடியைத் தொட வைத்தால், யாருமே அளக்காத அந்தக் கணத்தின் சூடு கிடைத்துவிடும்.

காற்று 30 டிகிரி என்றால் ஏற்றம் 90. எஃப் வகுப்புக்கு, 40 டிகிரி காற்றில் 105 வரை ஏறலாம். ஆனால் சித்திரை வெயிலில், தகர ஷெட்டுக்குள், வெளியே தள்ளிய சூட்டையே ஜெனரேட்டர் திரும்ப உறிஞ்சினால் கணக்கு மாறிவிடும். சூடு 10 டிகிரி கூடினால் இன்சுலேஷன் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ள தோராய விதி. புது ஜெனரேட்டருக்கு எலுமிச்சம்பழம் கட்டுகிறோம். கட்டுங்கள், காற்றுப் போகும் வழியை மறைக்காமல்.

முழு லோடில் ஓட்ட டீசல் செலவு அதிகம் என்பதால் எரிந்த காயிலைப் புதிதாகச் சுற்றித் தரும் ரீவைண்டிங் பட்டறைகள் இந்தச் சோதனையைச் செய்வதில்லை. பெரிய மெஷின்களுக்கு வேறு வழி உண்டு. முனைகளைத் திறந்து வைத்து முழு வோல்ட்டேஜில் ஒருமுறை, ஷார்ட் செய்து முழு கரண்டில் ஒருமுறை ஓட்டி, இரண்டு ஏற்றத்தையும் கூட்டி, இருமுறை சேர்ந்துவிட்ட உராய்வுச் சூட்டை ஒருமுறை கழித்துவிடுவார்கள். லோடு இல்லாததால், ஜெனரேட்டரைச் சுற்றும் மோட்டார் இழப்பை மட்டும் ஈடுகட்டினால் போதும். பம்பும் மோட்டாரும் செய்தே பேர் வாங்கிய கோவையில், சிறு பட்டறைகள் குறைந்த வாடகையில் பயன்படுத்த இப்படியொரு பொதுச் சோதனை மேடைக்கு அரசு பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.