ஒரு அடி இறங்கினால் நாற்பது அடி ஏறும்

வேதாரண்யத்தில் ஒரு பக்கம் உப்பளம். 1930-இல் ராஜாஜி உப்பு அள்ளிய ஊர் அது. இன்னொரு பக்கம் மணல்மேட்டில் ஆளுயரத்துக்குக் குட்டை வெட்டினால் நல்ல தண்ணி ஊறும். அதைக் குடத்தில் மொண்டு முல்லைக்கு ஊற்றுவார்கள். கொஞ்சம் ஆழமாகப் போர் போட்டாலோ, தண்ணீரை வாயில் வைக்க முடியாது.

எல்லாம் எடை செய்யும் வேலை. ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் 1,000 கிராம். கடல்நீர் சுமார் 1,025 கிராம். மணலுக்குள் கனமான உப்புநீர் அடியில் நிற்க, நல்ல தண்ணீர் அதன்மேல் மிதக்கிறது. வித்தியாசம் 25 கிராம்தான். 1,000-ஐ 25-ஆல் வகுத்தால் 40. அதாவது, கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே நாற்பது அடி வரை நல்ல தண்ணீர் இருக்கும். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கைபென் என்ற டச்சுக்காரரும், 1901-இல் ஹெர்ஸ்பெர்க் என்ற ஜெர்மானியரும் தனித்தனியாகப் போட்ட கணக்கு இது.

இதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டார் ஓடி மேல்மட்டம் ஒரு அடி இறங்கினால், அடியிலிருக்கும் உப்பு நாளடைவில் நாற்பது அடி ஏறப் பார்க்கும். போருக்கு நேர் கீழே அது கூம்பாகவே எழும். மோட்டாரை நிறுத்தினால் உடனே இறங்கிவிடும் என்று நம்ப வேண்டாம். ஏறியது கழுவிப் போகப் பல மழைக்காலம் ஆகும்.

சரி, காவிரி டெல்டாவின் கடைமடையில் கரிக்கிற தண்ணீர் எல்லாமே இப்படி வந்ததா? இங்கேதான் ஒரு துறைக்காரர் தனியாக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல முடியாது. டெல்டா என்பதே கடலோரத்தில் ஆறு கொட்டிய வண்டல். பழைய கடல்நீர் களிமண்ணுக்குள் சிக்கிக் கிடக்கலாம். பக்கத்தில் இறால் பண்ணை இருந்தால் உப்பு மேலிருந்தும் இறங்கும். நாக்குக்கும் உப்பு மீட்டருக்கும் இந்த வித்தியாசம் தெரியாது. வேதியியல்காரர் ட்ரிட்டியம் பார்ப்பார். 12.3 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் கதிரியக்க ஹைட்ரஜன் அது. அது துளிகூட இல்லையென்றால், அந்தத் தண்ணீர் பல பத்தாண்டுகளாக அடியிலேயே கிடப்பது. அப்போது போரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

போர்தான் காரணம் என்றால், அடுத்த கேள்வி அதை ஏன் அவ்வளவு நேரம் ஓட்டினார்கள் என்பது. மேட்டூரை ஜூன் 12-இல் திறந்தார்களா, வாய்க்கால் தூர்வாரியிருந்ததா, குறுவைக்குத் தண்ணீர் கடைமடை வந்ததா? வராவிட்டால் மோட்டார் ஓடும். விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம் வேறு. இதற்கெல்லாம் பதில் நீர்வளத்துறைப் பதிவேட்டில் பாதி, மடை திறக்கும் ஆளிடம் மீதி. நிலத்தடி நீர் படிக்கிற மாணவரை முதலில் அவரிடம்தான் அனுப்புவேன்.

அப்புறம் அந்த முல்லைக் கொல்லைக்கும் அனுப்ப வேண்டும். குட்டை அகலமாக இருக்கும், ஆழம் கம்மி. ஒரு குடம் மொண்டால் பக்கத்து மணலிலிருந்து மெல்ல ஊறி நிரம்பும். மேல்மட்டம் அவ்வளவாக இறங்காது, அடியிலுள்ள உப்பும் அசையாது. அதே குட்டையில் ஐந்து குதிரைத்திறன் மோட்டாரை இறக்கினால் நாளடைவில் முல்லை இலை ஓரம் கருக ஆரம்பிக்கும்.