மிக்ஸ்டு யூஸ்: கலப்புப் பயன்பாடு

புறநகரில் புதிதாக ஒரு வளாகம் வரப்போகிறது என்றால் அதன் வரைபடத்தில் 'மிக்ஸ்டு யூஸ் டெவலப்மென்ட்' என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். தரைத்தளத்தில் கடைகள், அதற்கு மேல் அலுவலகமோ கிளினிக்கோ, அதற்கும் மேல் வீடுகள், பக்கத்தில் ஒரு தங்கும் விடுதி. இவையெல்லாம் ஒரே திட்டத்துக்குள் அடங்குவதைத்தான் அந்தச் சொல் குறிக்கிறது. ராமநாதபுரம் பக்கம் பட்டினம்காத்தானிலோ உச்சிப்புளியிலோ மனை பார்க்கப் போகிறவர் இதன் பொருளைச் சரியாகத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. இந்த ஏற்பாடு நம் கடற்கரையில் பழையது. சொல்தான் வெளியிலிருந்து வந்தது.

முதலில் பொருள். நிலப் பயன்பாட்டை ஆராயும் அமெரிக்க அமைப்பான அர்பன் லேண்ட் இன்ஸ்டிட்யூட் 1976இல் ஒரு வரையறை தந்தது. வருமானம் தரக்கூடிய மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட முக்கியமான பயன்பாடுகள் இருக்க வேண்டும். அவை இடத்தாலும் செயலாலும் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். எல்லாம் ஒரே திட்டத்தின்படி எழும்ப வேண்டும். ஆக, நான்கு மாடி வீட்டின் கீழே ஒரு மருந்துக் கடை இருப்பதால் மட்டும் அது இந்த வரையறைக்குள் வந்துவிடாது. விளம்பரத்தில் அப்படிப் போட்டிருந்தால் மூன்றாவது பயன்பாடு எது என்று கேட்டுப் பார்க்கலாம்.

'மிக்ஸ்டு' என்பது கலத்தலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. 'யூஸ்' என்பதும் லத்தீன் வழிதான். வேர்ச்சொல்லில் அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. இப்படி ஒரு சொல் ஏன் தேவைப்பட்டது என்பதில்தான் கதை இருக்கிறது. 1916இல் நியூயார்க் நகரம், எந்தப் பகுதியில் எதைக் கட்டலாம் என்று நகரம் முழுவதற்கும் விதி கொண்டுவந்தது. 1926இல் ஓஹையோ மாநிலத்தின் யூக்ளிட் என்ற ஊர் தொடர்பான வழக்கில், இப்படிப் பிரிப்பது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆலைப் புகையிலிருந்து வீடுகளைக் காப்பது நியாயமான நோக்கம்தான். ஆனால் பிரித்துக்கொண்டே போனதில், பால் வாங்கக்கூட காரை எடுக்க வேண்டிய புறநகர்கள் உருவாகின. வீடும் கடையும் வேலையும் சேர்ந்திருக்கும் தெருவே உயிரோடு இருக்கும் என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வாதாடினார். பிரித்து வைத்ததைத் திரும்பச் சேர்க்கும்போது அதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. அந்தப் பெயர்தான் மிக்ஸ்டு யூஸ்.

நம் பக்கத்துப் பழைய தெருக்களை யாரும் இப்படிப் பிரித்து வைக்கவில்லை. பாம்பனில் கடலோரத் தெரு ஒன்றில் நடந்து பாருங்கள். வாசலில் ஓலைப் பந்தல். அதன் நிழலில் நைலான் வலையை விரித்து, கால் விரலில் ஒரு முனையை மாட்டிக்கொண்டு கிழிசலை முடிந்துகொண்டிருப்பார் ஒருவர். மூலையில் ஐஸ் பெட்டி. முன்னறை ஜன்னலே பெட்டிக்கடை. கம்பியில் ஷாம்பு சரம் தொங்கும், பலகையில் நாலு சங்கு. அடுப்படி பின்னால், மாடியில் கருவாடு காயும். இது வீடா, கடையா, பட்டறையா? ராமேஸ்வரத்தில் யாத்திரை வருகிறவர்களுக்கு அறை விடும் வீடுகளும் இந்த வகைதான். தேவிபட்டினம், பெரியபட்டினம் என்று ஊர்ப்பெயரிலேயே நிற்கும் 'பட்டினம்' கப்பலும் வணிகமும் குடியும் ஒன்றாக இருந்த கடற்கரை ஊரைக் குறிக்கும் சொல்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'பன்முகப் பயன்பாடு', 'பல்பயன்', 'கலப்புப் பயன்பாடு' என்று மூன்று சொற்களை எடுத்துக்கொள்வோம். முதல் இரண்டும் பயன்பாடுகள் பல என்று மட்டும் சொல்கின்றன. அவை ஒன்றாகச் சேர்ந்திருப்பதைச் சொல்வதில்லை. சேர்ந்திருப்பதுதான் இங்கே முக்கியம் என்பதால் 'கலப்புப் பயன்பாடு' என்பதே என் தேர்வு. கலப்பு என்றால் கலப்படம் நினைவுக்கு வருகிறதே என்று தயங்க வேண்டியதில்லை. கலந்து பேசுவதும் கூட்டத்தில் கலந்துகொள்வதும் அதே 'கல' என்ற வேரிலிருந்து வந்தவைதான். எழுதும்போது நடுவில் 'ப்' போட வேண்டும். 'கலப்பு' வன்றொடர்க் குற்றியலுகரம், அதன் பின் வல்லினம் மிகும்.

ஒற்றைக் கட்டடத்துக்கு இன்னும் நல்ல சொல் ஒன்று உண்டு. சிங்கப்பூர்த் தமிழில் கீழே கடையும் மேலே வீடுமாக இருக்கும் கட்டடத்தைக் 'கடைவீடு' என்கிறார்கள். கீழக்கரை, தொண்டிப் பக்கத்திலிருந்து கடல் கடந்து போன குடும்பங்களுக்கு இது தெரிந்த சொல்லாகவே இருக்கும். நாமும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம்.

'டெவலப்மென்ட்' என்ற பின்பாதியில் கவனம் வேண்டும். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971 அந்தச் சொல்லுக்குத் தரும் பொருளில் புகழ்ச்சி எதுவும் இல்லை. நிலத்தில் கட்டடம் கட்டுவது, தோண்டுவது, நிலத்தின் பயன்பாட்டைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றுவது எல்லாமே அதில் அடங்கும். அதை 'வளர்ச்சி' என்றோ 'மேம்பாடு' என்றோ எழுதியதும், திட்டம் தொடங்கும் முன்பே ஊர் மேம்பட்டுவிட்டது போல் ஆகிவிடுகிறது. கண்மாயை ஒட்டி எழும்பும் கட்டடமும் சட்டத்தின் கண்ணில் டெவலப்மென்ட்தான். அதனால் 'கலப்புப் பயன்பாட்டுக் கட்டுமானம்' அல்லது 'கலப்புப் பயன்பாட்டு வளாகம்' என்று எழுதுவதே நேர்மை.

இதோடு குழம்பக் கூடாத இன்னொரு சொல் 'கலப்புக் குடியிருப்பு'. அது முழுமைத் திட்ட (மாஸ்டர் பிளான்) வரைபடத்தில் ஒரு பகுதிக்குத் தரும் வகைப்பாடு. முதன்மைக் குடியிருப்பு, வணிகம், தொழில், வேளாண்மை போல அதுவும் ஒரு மண்டலம். கலப்புப் பயன்பாடு என்பது ஒரு திட்டத்தின் தன்மை. அந்த நிலம் எந்த மண்டலத்தில் இருக்கிறது என்பதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

நம் கடற்கரையில் 'பயன்பாடு' என்ற சொல்லுக்குள் தண்ணீரும் வந்துவிடுகிறது. நிலத்தடி நீர் பல இடங்களில் உவர். குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீரை எதிர்பார்த்திருக்கிறோம். ஒரே வளாகத்தில் வீடும் விடுதியும் உணவகமும் சேரும்போது யாருக்கு எவ்வளவு தண்ணீர் என்பது வரைபடத்திலேயே இருக்க வேண்டும் என்று கேட்பது ஊர்க்காரர்களின் உரிமை. அப்புறம் கடல். உயர் ஓதக் கோட்டிலிருந்து, அதாவது கடல் ஏறும்போது நீர் எட்டும் எல்லையிலிருந்து, நிலத்தை நோக்கி 500 மீட்டர் வரை கட்டுமானங்களுக்குக் கட்டுப்பாடு உள்ள கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம்; இதற்கான அறிவிக்கைகள் 1991, 2011, 2019இல் வந்தன. 'ஓதம்' நம் மீனவர் அறிந்த நல்ல தமிழ்ச் சொல். 'ஹை டைட் லைன்' என்று எழுத வேண்டிய தேவையே இல்லை.

ஊராட்சிக்கு மனு எழுதுகிறவர்கள் இப்படி எழுதலாம்: 'எங்கள் பகுதியில் அமையவிருக்கும் கலப்புப் பயன்பாட்டு வளாகத்தின் நிலப்பயன்பாட்டு வகை, குடிநீர் ஆதாரம், கழிவுநீர் வெளியேறும் வழி, உயர் ஓதக் கோட்டிலிருந்து அதன் தூரம் ஆகிய விவரங்களைத் தந்து உதவ வேண்டுகிறோம்.'