கப்பி போட்டால் கிளைக்குப் பாரம் குறையுமா?

வேட்டையில் கிடைத்த 100 கிலோ மான் ஒன்றை உரிப்பதற்காக, மரக்கிளையில் ஒரு கப்பியைக் கட்டி, கயிறு போட்டுக் கீழே நின்று இழுக்கிறீர்கள். கிளை எத்தனை கிலோ தாங்க வேண்டும்? பாரம் தூக்கும் வேலையில் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது என் தொழில். வகுப்பில் இதைக் கேட்டால் 100 என்றுதான் உடனே பதில் வரும். விடை 200. கயிற்றின் ஒரு முனையை மான் 100 கிலோவுக்கு இழுக்கிறது, அது கீழே வராமலிருக்க மறுமுனையை நீங்கள் அதே அளவு இழுக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து கப்பி தொங்கும் இடத்தில்தான் விழுகிறது. கப்பியின் உராய்வு தனி.

விலங்கோடு ஏறி இறங்கும் இன்னொரு கப்பியைச் சேர்த்தால் உங்கள் கைக்கு 50 கிலோதான். ஆனால் கிளைக்கு அப்போதும் 150: மானின் 100, உங்கள் இழுப்பு 50. நமக்கு லேசாக இருக்கிறதே என்று கிளைக்கும் லேசாக இருக்கும் என நினைத்துக்கொள்வதில்தான் பாதி விபத்துகள் தொடங்குகின்றன என்பது என் கருத்து. தூக்கி முடித்ததும் கயிற்றை எங்கே கட்டுகிறோம் என்பதும் முக்கியம். ஒற்றைக் கப்பியில் முனையை அடிமரத்திலோ வண்டியிலோ கட்டினால் அந்த 200 அப்படியே நிற்கும். விலங்கையே தனிக் கயிறு போட்டு நேராகக் கிளையில் மாட்டிவிட்டு இழுகயிற்றைத் தளர்த்தினால் 100 ஆகிவிடும்.

உரிமம் வாங்கி வேட்டைக்குப் போகிறவர்கள் சிலர் பயிற்சிக்கு வருவதுண்டு. போனில் படம் காட்டுவார்கள். என் கண் முதலில் போவது கிளைக்குத்தான். அடிமரத்திலிருந்து எட்டி, நுனிப்பக்கமாகக் கட்டியிருப்பார்கள், உரிக்க இடம் வேண்டுமாம். தூரம் கூடக் கூட, கிளை மரத்தோடு சேரும் இடத்தில் முறிக்கும் விசையும் கூடும். அப்புறம் கயிறு. பொட்டலத்தில் போட்டிருப்பது பல நேரம் அறுபடும் பாரம். அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள். முடிச்சு போட்ட இடத்தில் கயிற்றின் பலம் பாதி வரைகூடக் குறையலாம்.

நான் கண்டிப்பாக வேண்டாம் என்பது வண்டியைக் கட்டி இழுப்பதை. ஆக்ஸிலேட்டரை மிதிக்கும் காலுக்கு மேலே நடப்பது எதுவும் தெரியாது. கொம்பு ஒரு கவட்டையில் சிக்கிக்கொண்டாலும் வண்டி இழுத்துக்கொண்டே இருக்கும். கயிறு அறுகிறது, இல்லை கிளை வருகிறது. கையால் சுற்றி இழுக்கும் கைவின்ச்சோ, சங்கிலியை இழுத்துப் பாரம் தூக்கும் செயின் பிளாக்கோ என்றால் இறுகுவது கையிலேயே தெரியும், நிறுத்திவிடலாம். தரையைவிட்டு ஒரு சாண் எழும்பியதும் நிறுத்தி, விலகி நின்று கிளையையும் முடிச்சையும் ஒருமுறை பாருங்கள். வின்ச் பின்னால் சுழலாமல் தடுக்கும் பல்லை மட்டும் நம்பிக் கீழே கத்தியோடு குனியாதீர்கள், தனியாக ஒரு சங்கிலியால் பூட்டிவிட்டு வேலை செய்யுங்கள்.

இத்தனை அவசரம் ஏன்? இறைச்சி கெட்டுவிடும் என்ற பயம். பயம் நியாயமானதுதான். தோலும் கொழுப்பும் சூட்டைப் பிடித்து வைக்கும், தொடைக்குள் இடுப்பெலும்பை ஒட்டிய சதைதான் கடைசியாக ஆறும், அதனால் அங்கேதான் முதலில் கெடும். ஆனால் ஆறுவதற்குத் தூக்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உடனே குடலை எடுத்து, நெஞ்சுக்கூட்டை ஒரு குச்சியால் விரித்து வைத்து, அடியில் காற்று போகும்படி இரண்டு கட்டைகள் மேல் உருட்டிவிட்டால் நிதானமாக யோசிக்க நேரம் கிடைக்கும்.

மான் இனத்திலேயே மிகப் பெரியதான மூஸ் மாதிரி விலங்கு என்றால் முழுதாகத் தூக்கவே வேண்டாம். வளர்ந்த ஆண் மூஸ் 500 கிலோவைத் தாண்டக்கூடியது. கிடந்த இடத்திலேயே தோலை உரித்து, கால் காலாகப் பிரித்து, காற்றோட்டமான துணிப்பைகளில் தொங்கவிடுவதுதான் சரி. அதிலும் ஒரு பின்னங்காலை ஒற்றை ஆளாகத் தோளில் ஏற்ற வேண்டாம். எல்லாம் வசதியாக அமைந்த இடத்தில்கூட ஒருவர் கையால் தூக்குவதற்கு அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான நியோஷ் வைத்திருக்கும் உச்சம் 23 கிலோ. சேற்றிலும் சரிவிலும் இன்னும் குறைத்துக்கொள்ளுங்கள்.

பின்னங்கால்களில் மாட்டித் தொங்கவிடும்போது, குதிநாணுக்கும் எலும்புக்கும் நடுவில்தான் குறுக்குக் கம்பு போகும். அங்கே தோலைக் கீறும்போது நாணில் கத்தி பட்டுவிட்டால் பாரம் ஏறியதும் அது அறுந்து கால் நழுவிவிடும். கம்பின் இரு முனையிலிருந்தும் மேலே போகும் கயிறுகள் ரொம்ப விரிந்திருக்கவும் கூடாது. இடைக்கோணம் 120 பாகை ஆனால் ஒவ்வொரு கயிறும் முழுப் பாரத்தையும் சுமக்கும்.

துண்டு போடும்போதும் கவனம் தேவை. முதலில் முன்னங்கால்கள், கழுத்து, விலா என்று கீழிருந்து எடுத்துக்கொண்டு வாருங்கள். கடைசியில் இரண்டு தொடைகள் மிஞ்சும். ஒன்றை மட்டும் கழற்றினால் கம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்து மற்றது சறுக்கி உங்கள் மேலேயே வரும். அதற்கு முன்பே இரண்டையும் தனித்தனிக் கயிற்றில் கட்டிவிடுங்கள்.